பத்து, ஒன்பது, எட்டு

என் குரலை எனக்கே அடையாளம் தெரியாமல் போகும் என்று யாராவது முன்னாடி சொல்லியிருந்தால், போய் வேலையைப் பாருங்கள் என்றிருப்பேன். வாயை மூடாமல் பேசுகிறவள் நான். என் குரலை இந்தத் தெருவில் கேட்காத ஆள் இல்லை. ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறவள் மெதுவாகப் பேசினால் மெஷின் சத்தத்தில் ஒன்றும் காதில் விழாது.

அந்தக் கடை ஒரு காலத்தில் அப்பாவின் ரிப்பேர் கடை. ரேடியோ, டேப் ரெக்கார்டர், எது கெட்டாலும் இந்த வட்டாரத்தில் அவரிடம்தான் வரும். கீழே கடை, மேலே வீடு. ஈயம் உருகுகிற வாடை படிக்கட்டு ஏறி எங்கள் தலையணை வரைக்கும் வந்துவிடும். இன்றைக்கும் எங்கேயாவது யாராவது ஒயர் பற்றவைத்தால் நான் நின்று ஒரு மூச்சு இழுத்துவிட்டுத்தான் நகர்வேன். பைத்தியம் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும்.

போன மாதம் சுண்டு லீவில் வந்தாள். சுண்டு என் அக்கா மகள். பிறந்தபோது சுண்டுவிரல் அளவுதான் இருந்தாள், அதனால் அந்தப் பெயர். இப்போது என்னைவிட ஒரு தலை உயரம். நடக்கப் பழகுகிற வயதில் அவள் அம்மா, என் அக்கா, காய்ச்சலில் போய்விட்டாள். அக்கா வீட்டுக்காரர் வேலை தேடி வேறு ஊருக்குப் போய், அங்கேயே வேறு குடும்பமாகிவிட்டார். நல்ல மனுஷன்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் வளர்த்தது நான். அம்மை போட்டபோதும் நான், பரீட்சைக்கு எழுப்பியதும் நான். அவள் என்னைக் கூப்பிட்டது மட்டும் எப்போதும் சித்தி என்றுதான். அதில் எனக்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும்.

அவளுக்குக் கம்ப்யூட்டர் வேலை. காட்டில் மைக் கட்டித் தொங்கவிட்டு, அதில் பதிவாகிற பறவைச் சத்தத்தை எல்லாம் இது எந்தப் பறவை, அது எந்தப் பறவை என்று கம்ப்யூட்டரை விட்டே பிரிக்கிற வேலை. இதற்கு ஒரு சம்பளம்!

வந்த அன்றைக்கே பரணிலிருந்து பிஸ்கட் டின்களை இறக்கினாள். உள்ளே பூராவும் அப்பாவின் சோதனை கேசட்டுகள்.

அது அப்பாவின் தொழில் முறை. ஒரு டேப் ரெக்கார்டரைச் சரி செய்து முடித்ததும் சோதனை கேசட்டைப் போட்டு, பக்கத்தில் எந்த மகள் இருக்கிறாளோ அவள் வாயில் மைக்கை நீட்டுவார். "ஏதாவது பேசு." பேசினதையும், அதே கேசட்டில் முன்பு வேறு மெஷினில் பதிந்ததையும் போட்டுக் கேட்பார். குரல் இழுத்தால் பெல்ட் தளர்ந்திருக்கிறது, கீச்சென்று ஓடினால் மோட்டார் வேகம் கூடியிருக்கிறது. பாட்டு கேசட் போட்டுப் பார்த்தால் போதாதா என்று ஒரு வாடிக்கையாளர் கேட்டதற்கு, "பாட்டுக்காரன் எப்படிப் பாடினான்னு எனக்கென்ன தெரியும்? என் பொண்ணுங்க எப்படிப் பேசுவாங்கன்னு என் காதுக்குத் தெரியும்" என்றார். ஒரே கேசட்டை அழித்து அழித்துப் பதியவும் மாட்டார். தேய்ந்த டேப்பில் மெஷினின் குற்றம் தெரியாதாம். அதனால் கேசட் நிறைந்ததும் டின்னுக்குள் போகும், புதுசு வரும். எதன்மேலும் பெயரோ தேதியோ கிடையாது. அவருக்கு எதற்கு? அவருக்கு அது வெறும் சோதனை.

"சித்தி, இதுல அம்மா குரல் இருக்கும்ல?" என்றாள் சுண்டு.

"இருக்காம எங்க போகும்? பாதி அவதான்."

"எனக்கு வேணும். போட்டோல எல்லாம் அம்மா வாயத் திறந்து ஏதோ சொல்லிட்டே இருக்கா. என்ன சொல்றா, எப்படிச் சொல்றா, எனக்குத் தெரியவே தெரியாது." கொஞ்ச நேரம் டின் மூடியையே தடவிக்கொண்டிருந்தாள். "கேட்டா மனசுல பதிஞ்சுடும்ல. அதான் தப்பா பதிஞ்சுடக் கூடாதுன்னு பயமா இருக்கு."

எனக்கும் அதே பயம்தான். ஏனென்றால் எனக்கும் அக்காவுக்கும் ஒரே குரல். ஏறத்தாழ என்று சொல்லவில்லை, அச்சு அசல். போனை எடுத்தால் அப்பாவே ஏமாறுவார். பெரியவளுக்குச் சொல்ல வேண்டியதைச் சின்னவளுக்குச் சொல்லிவிட்டு, சாயங்காலம் பெரியவளைத் திட்டுவார். அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமான புதிதில் மாப்பிள்ளை போன் செய்து, நான் எடுத்ததுகூடத் தெரியாமல், என்னென்னவோ தேன் ஒழுகப் பேசினார். நானும் "ம்" கொட்டிக்கொண்டே கேட்டேன். அக்கா துடைப்பத்தை எடுத்துக்கொண்டு படிக்கட்டு முழுக்க விரட்டினாள். அந்தப் படிக்கட்டில் ஏறும்போதெல்லாம் இன்னும் எனக்குச் சிரிப்பு வரும், அப்புறம் சிரிப்பு அடங்கிவிடும்.

இப்போது அப்பாவும் இல்லை, அம்மா அதற்கு முன்பே போய்விட்டாள். இந்தக் குரல்களைக் கேட்டு இது பெரியவள், இது சின்னவள் என்று சொல்ல உலகத்தில் பாக்கி இருப்பது நான் ஒருத்திதான்.

மிஞ்சியிருந்த ஒரே ஒரு டேப் ரெக்கார்டரில் கேசட்டுகளைப் போட்டு, எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்குள் ஏற்றினாள். துண்டு துண்டாக வெட்டினாள். எக்கச்சக்கத் துண்டுகள். ஒவ்வொரு துண்டும் திரையில் ஒரு புள்ளி.

"இத நியூரல் நெட்வொர்க், பறவைச் சத்தத்தப் பிரிக்கற அதே மாதிரி புரோகிராம், கேட்டுப் பாத்து, ஒரே மாதிரி இருக்கறத பக்கத்துல பக்கத்துல வைக்கும். குவியல் குவியலா பிரிஞ்சுடும். எல்லாத்தையும் நீ கேட்டுப் பேர் போட வேண்டாம் சித்தி. கொஞ்சம் ஜோடி மட்டும் சொல்லு. இந்த ரெண்டும் ஒரே ஆளு, இந்த ரெண்டும் வேற வேற ஆளு, அவ்ளோதான். அத வெச்சு மிச்சத்த அதுவே புரிஞ்சுக்கும்."

"ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்ங்கற."

"அதேதான். ஆனா அந்த ஒரு சோறு சரியான சோறா இருக்கணும்."

முதலில் நான் ஒன்றும் சொல்லாமலே ஓடவிட்டுப் பார்த்தாள். புள்ளிகள் அழகாகக் குவியல் குவியலாகப் பிரிந்தன. ஒரு குவியலைத் திறந்தால் அதற்குள் நானும் இருக்கிறேன், அக்காவும் இருக்கிறாள், அப்பாவின் இருமலும் இருக்கிறது. எல்லாத் துண்டிலும் பின்னால் ஒரே மாதிரி "ம்ம்ம்" என்று ஓர் இரைச்சல். எனக்குப் பிடிபட்டுவிட்டது.

"அடியே, இது தையல்காரர் வீட்டு டேப் ரெக்கார்டர்! மாசத்துக்கு ஒரு தடவை வரும், கோளாறு தீரவே தீராது. அந்தக் குவியலைப் போடு. பாரு, இது சலூன்காரரோடது, கிணத்துக்குள்ள இருந்து பேசற மாதிரி கேக்கும்."

நெட்வொர்க் ஆட்களைப் பிரிக்கவில்லை, டேப் ரெக்கார்டர்களைப் பிரித்து வைத்திருந்தது. சுண்டு தலையில் கைவைத்துக்கொண்டாள். எனக்கோ கொண்டாட்டம். ஒவ்வொரு இரைச்சலாகப் போடச் சொல்லி, எந்த மெஷின் யாருடையது, யார் காசு கொடுக்காமல் இழுத்தடித்தார், யார் கைப்பிடி உடைந்ததை அணைத்துத் தூக்கிக்கொண்டு வருவார் என்று அன்றைக்குப் பூரா கதை சொன்னேன். அப்பா கேட்டிருந்தால் பூரித்துப்போயிருப்பார். கடைசியில் ஒரு குவியல், மோட்டார் வேகம் கூடிய மெஷினில் பதிந்து இதில் மெதுவாக ஓடுவதால், வெறும் முனகலாக இருந்தது. அதை அப்படியே ஓரமாக விட்டுவிட்டோம்.

மறுநாள் ஜோடி சொல்ல உட்கார்ந்தேன். கடையில் கூட்டமில்லாத நேரம், காதில் ஹெட்போன். எனக்கு அது கஷ்டமாகவே தெரியவில்லை. ஏனென்றால் மைக்கை நீட்டினால் நான் செய்வது ஒன்று, அக்கா செய்வது இன்னொன்று. நான் புகார் சொல்வேன். "அக்கா என் ரிப்பனை எடுத்துக்கிட்டா, அப்பா, இத ஆதாரமா பத்திரமா வெச்சுக்கோங்க." "எனக்கு மட்டும் ஏன் கிழிஞ்ச குடை?" இப்படி. அக்கா எண்களைத் தலைகீழாகச் சொல்வாள். பத்து, ஒன்பது, எட்டு என்று இறங்கி வந்து, ஒன்று சொன்னதும் மைக்கை ஒரு தட்டுத் தட்டுவாள். ஏன் தலைகீழாக என்று கேட்டால், "நேரா சொன்னா எங்க நிறுத்தறதுன்னு தெரியாது. இது தானா முடிஞ்சுடும்" என்பாள்.

ஆகவே, புகார் என்றால் நான், தலைகீழ் எண் என்றால் அக்கா. தட்டித் தட்டி ஜோடி போட்டேன். ஒரே ஆள், ஒரே ஆள், வேறு ஆள். சுண்டு பக்கத்திலேயே உட்கார்ந்து அக்காவின் துண்டுகளை ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அதில் ஒன்று கிடைத்ததும் நிமிர்ந்தாள்.

"சித்தி! இதுல நான் இருக்கேன்!"

போட்டாள். "பத்து... ஒன்பது..." என்று நிறுத்துகிறது குரல். ஒரு குழந்தை "எத்து!" என்கிறது. அப்புறம் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள்.

அவள் அதைத் தன் போனில் ஏற்றிக்கொண்டாள். சாப்பிடும்போது கேட்டாள், பல் விளக்கும்போது கேட்டாள், மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது கேட்டாள். "அம்மா சிரிப்பு பாரேன் சித்தி, எவ்ளோ சத்தமா சிரிக்கறா!" நானும் பார்த்தேன், சந்தோஷப்பட்டேன். பொறாமையும் வந்தது. நான் வளர்த்த பெண் என்னைப் பார்த்து முகம் இப்படி மலர்ந்து எத்தனை நாள் ஆயிற்று என்று மனசு ஒரு ஓரத்தில் முணுமுணுத்தது. சீ என்று அதை அதட்டி உட்காரவைத்தேன்.

என் ஜோடிகளை ஊட்டி நெட்வொர்க்கை மறுபடி ஓட விட்டாள். இந்தத் தடவை மெஷின் இரைச்சலை எல்லாம் அது மறந்துவிட்டது. தையல்காரர் மெஷினில் பேசிய நானும் சலூன்காரர் மெஷினில் பேசிய நானும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டோம். ஆனால் ஒரு இடத்தில் முரண்டு பிடித்தது. தலைகீழ் எண்களை இரண்டாகக் கிழித்து, ஒரு பங்கைத் தனியாக வைத்துவிட்டு, இன்னொரு பங்கைக் கொண்டுபோய் என் புகார்களோடு போட்டது. குழந்தை சிரிக்கிற துண்டு என் பக்கம் வந்திருந்தது.

"குரங்கு கையில பூமாலை!" என்றேன். "நான்தான் சொல்றேனே, அது அக்கான்னு. நான் சொல்றதவிட இதுக்கு அதிகமாத் தெரியுமா?"

"அதுக்கு வார்த்தை தெரியாது சித்தி. பத்து, ஒம்பதுங்கறதெல்லாம் அதுக்கு ஒண்ணுமில்ல. குரலோட தடத்தை மட்டும்தான் பாக்குது."

"அப்ப அந்தத் தடம் தப்பு."

எனக்கு அப்படித்தான். நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். சுண்டுவும் என் பக்கம்தான் நின்றாள். அவளுக்கு அந்தத் துண்டு வேண்டும். "அழுத்தமா இன்னும் சில ஜோடி குடுத்தா வழிக்கு வந்துடும். நீ இந்தத் துண்டையும் அம்மாவோட வேற ஒரு துண்டையும் கேட்டுட்டு, ஒரே ஆளுன்னு போடு. நான் குளிச்சுட்டு வரேன்" என்று மேலே போனாள்.

ஹெட்போனை மாட்டினேன். பத்து... ஒன்பது... "எத்து!"

கையைப் பட்டன்மேல் வைத்தவள் அப்படியே இருந்தேன்.

அக்கா போனபோது இவளுக்கு எண் எங்கே தெரியும்? "த்தா" என்று ஒரே ஒரு வார்த்தை, தாத்தாவுக்கும் அதுதான், தண்ணிக்கும் அதுதான். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற குழந்தை எட்டு சொல்லுமா? இத்தனை பறவையைப் பிரிக்கிறவளுக்கு இந்தக் கணக்குத் தெரியாதா? தெரியும். அவள் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை. நானும் போட்டுப் பார்க்கவில்லை.

அப்போதுதான் அந்தப் பகல் ஞாபகம் வந்தது. அக்கா போய் ரொம்ப நாள் அப்பா கடையே திறக்கவில்லை. திறந்த முதல் நாள், ஒரு மெஷினைப் பார்த்து முடித்துவிட்டு, பழக்கதோஷத்தில் மைக்கை நீட்டினார். நான் இடுப்பில் குழந்தையோடு நின்றேன். எதைப் பற்றிப் புகார் சொல்வது? ரிப்பனை எடுக்க யார் இருக்கிறார்கள்? வாய் திறந்தபோது "பத்து" என்றுதான் வந்தது. அப்பா சட்டென்று நிமிர்ந்தார். நான் நிறுத்தவில்லை. ஒன்று வரைக்கும் சொல்லி, மைக்கைத் தட்டினேன். அவர் தலையைக் குனிந்து, போட்டுக் கேட்டார். மறுபடி போட்டார். மறுபடியும் போட்டார். "இழுக்குது" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். ஒரு இழுப்பும் இல்லை, மெஷின் அருமையாக ஓடியது.

அதிலிருந்து அவர் மைக்கை நீட்டும்போதெல்லாம் நான் தலைகீழாகத்தான் எண்ணினேன். இடுப்பிலிருந்த குழந்தையும் அப்படியே கற்றுக்கொண்டது. பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது டீச்சர் கூப்பிட்டு, உங்கள் பெண் எண்களைப் பின்னாலிருந்து சொல்கிறாள் என்றார். "அவ அம்மா மாதிரி" என்று சொல்லிச் சொல்லி, எனக்கே அது அக்காவிடமிருந்து வந்ததாகப் பதிந்துபோயிற்று. நடுவில் நான் நின்றதை நானே மறந்துவிட்டேன்.

அந்தச் சிரிப்பு என் சிரிப்பு. அவ்வளவு சத்தமாக நான் ஒரு காலத்தில் சிரித்திருக்கிறேன்.

இப்போது என்ன செய்வது? பட்டனை அழுத்தினால் முடிந்தது. ஒரே ஆள். நெட்வொர்க் வழிக்கு வந்துவிடும், அவள் ஆயுசுக்கும் அந்தச் சிரிப்பை வைத்துக்கொள்வாள். யாருக்கு நஷ்டம்? உள்ளதைச் சொன்னால் அவள் இரண்டாம் தடவை அம்மாவைப் பறிகொடுப்பாள், அதுவும் என் கையால். சத்தியமாகச் சொல்கிறேன், அழுத்திவிடத்தான் நினைத்தேன். ஆனால் தப்பாகப் பதிந்துவிடக் கூடாது என்று அவள் டின் மூடியைத் தடவிக்கொண்டு சொன்னது காதில் நின்றது. அக்காவின் இடத்தில் என்னை உட்காரவைத்துவிட்டால், அக்கா அப்புறம் எங்கே போவாள்?

ஈரத் தலையோடு இறங்கி வந்தாள். "போட்டியா சித்தி?"

"வேற ஆளுன்னு போட்டேன்."

"என்ன?"

"அது உங்கம்மா இல்லடி. நான்." எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அவள் முகம் வாடியது. துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே இருந்தாள், அது எப்போதோ காய்ந்துவிட்டது.

"அப்ப அந்தக் கொழந்த சிரிக்கறது..."

"என்கூட."

போனை எடுத்தாள். அழிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். ஒருமுறை கேட்டுவிட்டு, அழிக்காமல் பைக்குள் வைத்துக்கொண்டாள். "நெட்வொர்க்கைத் திட்டினோமே" என்றாள். சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். விடு. முதல்லேருந்து பண்ணலாம்."

இந்தத் தடவை எண்ணை நம்பவில்லை. அப்பாவின் குரலை நம்பினோம். சில துண்டுகளில் அவர், "பெரியவளே, கொஞ்சம் தள்ளி நின்னு பேசு" என்பார். சிலதில் "சின்னவளே, மைக்கைக் கடிச்சுடாத" என்பார். அப்படி அவர் கூப்பிட்டது ஒரு கையளவுதான் இருந்தது. அதை மட்டும் ஜோடியாகக் கொடுத்தோம். நெட்வொர்க் முரண்டே பிடிக்கவில்லை. புள்ளிகள் மெல்ல மெல்ல விலகி இரண்டு கூட்டமாக நின்றன. போனில் ஏமாந்தாலும், மைக் முன்னால் யார் என்று அப்பாவுக்குத்தான் கடைசி வரைக்கும் தெரிந்திருக்கிறது.

ஓரமாக ஒதுக்கின அந்த முனகல் குவியலும் இப்போது கலைந்து, ஆளுக்குப் பாதியாக வந்து சேர்ந்தது. அதில் ஒரே பதிவிலிருந்து வெட்டிய துண்டுகள் சில அக்கா பக்கமும் சில என் பக்கமுமாக விழுந்திருந்தன. "இதுல ரெண்டு பேரும் இருக்கீங்க" என்றாள் சுண்டு. துண்டுகளைப் பழையபடி ஒட்டினாள். முதலில் மாடு கத்துவதுபோல இருந்தது. வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினாள். முனகல் மேலே மேலே ஏறி வந்து, ஒரு இடத்தில் மனுஷக் குரலாயிற்று.

"பத்து, ஒன்பது, எட்டு, ஏழு..." பின்னால் ஒரு குழந்தை வீறிட்டு அழுகிறது. "அடியே சின்னவளே, குழந்த அழுறா பாரு. தூக்கேன்டி."

"எப்பவும் நான்தானா?" என்று எங்கோ தள்ளியிருந்து இன்னொரு குரல். புகார். நான்தான்.

"நீ தூக்கினாத்தான்டி அடங்கறா. நான் தூக்கினா இன்னும் கத்தறா. போ, என் கண்ணுல்ல."

தடதடவென்று காலடிச் சத்தம். அழுகை விக்கலாகி, விக்கல் நின்றுபோகிறது. "பாத்தியா?" என்கிறாள் அக்கா, சிரித்துக்கொண்டே. பிறகு விட்ட இடத்திலிருந்து, "ஆறு, அஞ்சு, நாலு, மூணு, ரெண்டு, ஒண்ணு." மைக்கில் ஒரு தட்டு.

அக்காவின் குரல் என் குரல் மாதிரியே இல்லை. இத்தனை வருஷம் இதை எப்படி ஒன்று என்று நினைத்தோம்? அவள் குரலில் ஒரு நிதானம் இருக்கிறது, எனக்கு அது என்றைக்கும் வந்ததில்லை.

சுண்டு அதை மறுபடி போட்டாள். "தூக்கேன்டி" வரைக்கும் கேட்டு நிறுத்தினாள். வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கத் தொடங்கியது. கடை வாசலில் யாரோ காகிதக் கட்டோடு வந்து நின்று, "ஜெராக்ஸ் எடுக்கணும்" என்றார்.

"கொஞ்சம் பொறுங்க" என்று சொல்லிவிட்டு, என்னைவிட ஒரு தலை உயரமான அந்தப் பெண்ணை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டேன்.

"எப்பவும் நான்தானா?" என்றேன்.

அவள் அழுதுகொண்டே ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

வந்தவர் ஒன்றும் புரியாமல் காகிதங்களை மேசைமேல் வைத்துவிட்டு, ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் அழுகை நின்றது.